ஆபத்துக் காலத்தில் நித்யமான எழுத்து

மனிதன் செய்யும் கருமங்களை நித்யம், நைமித்திகம், காம்யம் என்று மூவகையாகப் பகுத்துக் காட்டுவது சாஸ்திர மரபு. சந்தியாவந்தனம் போல் நாள்தோறும் தவறாது செய்யவேண்டியது நித்யம். கிரஹண ஸ்நானம் போல் ஒரு நிமித்தம் நேரும்போது செய்யவேண்டியது நைமித்திகம். புத்திரகாமேஷ்டியைப் போல் ஒரு பலனை வேண்டிச் செய்யப்படுவது காம்யம். இம்மூன்றில் பலனைக் கருதாமல் செய்யப்படுவது நித்யமே. அதைச் செய்ததற்காக ஒருவன் கூலி கேட்க முடியாது. விட்டாலோ பிரத்தியவாயம் உண்டு. உண்ணுவதற்கும் உறங்குவதற்கும் எவரும் பரிசு கேட்பதில்லை அன்றோ!

தினந்தோறும் ஏதேனும் எழுதுவது என்று நியமம் கொண்டவர்கள் பலர் உளர். ஸ்ரீராமஜயம் எழுதுவோர் சிலர். அன்றாட வரவு செலவை எழுதுவோர் சிலர். கேட்ட உபந்நியாசத்தின் ஸாரத்தையோ அன்று நிகழ்ந்த செய்திகளையோ குறித்து வைப்போர் சிலர். வாழ்க்கை ஒழுங்காக ஓடும் நாட்களில் இந்நியமம் ஒரு சுமையன்று. இல்லத்தில் ஒருவர் நோயில் விழும்போதும், வேலை போகும்போதும், மரணம் நேரும்போதும், தெருவில் வெள்ளம் புகும்போதும் முதலில் கைவிடப்படுவது இவ்வெழுத்துத்தான். குளிப்பதையும் சமைப்பதையும் எப்படியோ சமாளிக்கிறார்கள். நோட்டுப் புத்தகம் மட்டும் அலமாரியின் மேல்தட்டுக்குப் போய்விடுகிறது. அதைக் குற்றம் என்று எவரும் சொல்வதுமில்லை. ஆனால் அவ்வாறு கைவிடுவது தகுமா? தகும் எனில் எந்த அளவுக்குத் தகும்? துன்பம் சூழ்ந்த வேளையில் எழுதுகோலைப் பற்றியிருப்பவன் தன் கடமையைச் செய்கிறானா, அல்லது கடமையிலிருந்து ஒளிந்துகொள்கிறானா? விசாரித்துத் தெளியவேண்டிய கேள்விகள் இவை.

உத்ஸவத்தைச் சேவிக்க ரயிலில் வரும் அன்பர்கள் பேசின் பிரிட்ஜைக் கடந்தே வருகிறார்கள். சென்ட்ரலிலிருந்து புறப்படும் பாதைகள் வடக்கே எண்ணூர், கும்மிடிப்பூண்டி என்றும், மேற்கே பெரம்பூர், அரக்கோணம் என்றும் பிரிகின்ற இடம் அது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எண்ணூர் வரை வெட்டப்பட்ட கால்வாயில் படகுகள் வந்து நின்ற நீர்த்துறையே 'பேசின்' என்று பெயர் பெற்றது. பக்கிங்ஹாம் கால்வாய் என்று பின்னர் வழங்கிய அந்நீர்வழியில் இன்று சரக்குப் படகு எதுவும் வருவதில்லை. பெயர் மட்டும் நிலைத்துவிட்டது. இவ்வட்டாரம் உழைப்பாளிகளின் வட்டாரம். நிர்ப்பந்தமாக நாள்தோறும் எழுதுவோரும் இங்கே அநேகர். ரயில்வே காபினில் ஒவ்வொரு வண்டியும் கடந்த நேரத்தைப் பதிவேட்டில் குறிக்கிறார்கள். மின் நிலையத்தில் மணிக்கொரு முறை அளவுமானிகளைப் பார்த்து எண்களை எழுதுகிறார்கள். துறைமுகத்தில் நிற்கும் கப்பல்களில் அன்றன்றைய காற்றும் கடலும் பதிவாகின்றன. இவ்வேடுகளில் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. புயல் அடித்த நாளிலும் விபத்து நேர்ந்த நாளிலும் இவற்றில் எழுத்து குறைவதில்லை, கூடுகிறது. பின்னால் எவரேனும் எடுத்துப் பார்க்கப்போவது அந்நாளின் பக்கத்தைத்தான் என்பது எழுதுபவருக்குத் தெரியும்.

ஆயின், இவர்களுக்கு மேலதிகாரி உண்டு. எழுதாவிடில் விளக்கம் கேட்பார்கள். தன் இல்லத்தில், தானே மேற்கொண்ட நியமத்தால் எழுதுகிறவனை விளக்கம் கேட்பார் யாருமில்லை. அத்தகைய ஒருவர் நெருக்கடிக்கு நடுவே எவ்வாறு எழுதினார் என்று பார்த்தால்தான் கேள்விக்கு விடை கிடைக்கும். அதற்கு வெகுதூரம் போகவேண்டியதில்லை. பேசின் பிரிட்ஜுக்கு மேற்கே இரண்டாவது ரயில் நிலையம் பெரம்பூர். அவ்வூரில் 1709-ஆம் ஆண்டு பிறந்தவர் ஆனந்தரங்கப் பிள்ளை.

அவருடைய தந்தையார் திருவேங்கடம் பிள்ளை வணிகர். இளம்பிராயத்திலேயே குடும்பம் புதுச்சேரிக்குக் குடிபெயர்ந்தது. பிரெஞ்சுக் கும்பினியாரின் வர்த்தகத்தில் ஆனந்தரங்கர் வளர்ந்து, பின்னாளில் டூப்ளே கவர்னராயிருந்த காலத்தில் தலைமைத் துபாஷியாக விளங்கினார். துபாஷி என்பது இரண்டு பாஷை அறிந்தவன் என்ற பொருளில் 'த்விபாஷி' என்னும் ஸம்ஸ்கிருதச் சொல்லினின்று வந்தது. கவர்னருக்கும் சுதேச மன்னர்களுக்கும், கும்பினியாருக்கும் நெசவாளர்களுக்கும் இடையில் நின்று பேசுவது அவ்வுத்தியோகம். இரு தரப்பாரின் கோபமும் முதலில் வந்து விழும் இடமும் அதுவே.

1736-ஆம் ஆண்டு செப்டம்பர் மாதம் 6-ஆம் தேதி அவர் தம் நாட்குறிப்பைத் தொடங்கினார். அப்போது அவருக்கு வயது இருபத்தேழு. 1761 ஜனவரி வரை, ஏறத்தாழ இருபத்தைந்து ஆண்டுகள், அவ்வெழுத்து நீண்டது. தமிழ் வருஷம், மாதம், தேதி. கூடவே ஐரோப்பியத் தேதி. அதன்பின் அன்றைய செய்தி. வந்த கப்பல், போன கப்பல், துணியின் விலை, கவர்னர் சிரித்தாரா சினந்தாரா என்பது, யாருக்கு எவ்வளவு வெகுமதி போயிற்று என்பது, ஊரில் உலவும் வதந்தி ஆகிய எல்லாம் அதில் உண்டு. நடை, பேசுவது போன்ற நடை. இலக்கணம் பார்த்துச் செதுக்கியதன்று. பண்டிதர்கள் அதைக் கண்டு முகம் சுளிக்கலாம். ஆனால் இருநூற்றெழுபது ஆண்டுகளுக்கு முன்னர் தமிழர் வாயில் தமிழ் எவ்வாறு ஒலித்தது என்பதை அறிய அதற்கு நிகரான சாதனம் அரிது.

இந்தப் பழக்கம் அவருக்கு எங்கிருந்து வந்தது? வணிகர் குலத்தில் பிறந்தவருக்கு அது கடைத்திண்ணையிலிருந்தே வந்திருக்க வேண்டும். அன்றாட வரவு செலவை எழுதுவது நாள்வழி. அதிலிருந்து ஆள்வாரியாக எடுத்து எழுதுவது பேரேடு. நாள்வழியை மறுநாள் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டவன் கடையில் பேரேடு நேராகாது. நஷ்டம் வந்த நாளில் நாள்வழி எழுதாமல் விடும் வணிகனைப் போன்ற மூடன் இல்லை. நஷ்டம் வந்த நாளன்றோ கட்டாயம் எழுதவேண்டும்! ஆனந்தரங்கர் பணத்துக்கு எழுதிய நாள்வழியைத் தம் வாழ்நாளுக்கும் எழுதினார் என்று சொல்லலாம். உயர்ந்த நோக்கம் எதையும் அவர் முன்னிட்டுக் கொண்டதாகத் தெரியவில்லை. கண்டதையும் கேட்டதையும், கப்பல்களின் போக்குவரத்தையும் எழுதி வைப்பதென்று தொடங்கியவர், அதையே செய்துகொண்டு போனார்.

அவர் கண்ட நெருக்கடிகளோ சாமானியமானவை அல்ல. 1746 செப்டம்பரில் பிரெஞ்சுக்காரர் சென்னைப் பட்டணத்தைப் பிடித்தனர். தாம் பிறந்த ஊருக்கு அருகிலுள்ள கோட்டை வீழ்ந்த செய்தியை, வென்ற தரப்பின் துபாஷியாக இருந்து அவர் எழுதவேண்டியிருந்தது. 1748-ல் ஆங்கிலேயர் பாஸ்கவன் தலைமையில் புதுச்சேரியை முற்றுகையிட்டனர். குண்டு விழும் நகரத்தில் இருந்துகொண்டு எழுதினார். கவர்னரின் மனைவியாரின் பகைமை அவரை விடாது தொடர்ந்தது. அதுவும் அவ்வேட்டில் கசப்போடு பதிவாகியிருக்கிறது. 1754-ல் டூப்ளே திருப்பியழைக்கப்பட்டார். 1756-ல் ஆனந்தரங்கருடைய பதவியும் போயிற்று. செல்வாக்கு இருந்தவரை வாசலில் நின்றவர்கள் ஒருவர் பின் ஒருவராய் விலகினார்கள். இறுதியில், 1760-ல் தொடங்கி நீண்ட பெரும் முற்றுகை. நகரத்தில் உணவு இல்லை. அவர் உடலில் வலு இல்லை. 1761 ஜனவரி 16-ஆம் தேதி புதுச்சேரி ஆங்கிலேயரிடம் வீழ்ந்தது. அதற்குச் சில நாட்கள் முன்னரே அவர் காலமானார். குறிப்பும் அந்த ஜனவரியோடு நிற்கிறது.

இவை எல்லாவற்றிலும் கனமானது 1748 செப்டம்பரில் எழுதப்பட்ட பகுதி. முற்றுகைக் காலத்தில் புதுச்சேரி வேதபுரீசுவரர் ஆலயம் இடிக்கப்பட்டது. ஆலயம் தரைமட்டமாகும்போது தலைமைத் துபாஷியாக, ஆட்சியாளருக்கு மிக அருகில் இருந்தவர் ஆனந்தரங்கர். ஊர்ப் பெரியவர்கள் கூடியதும், அவர்கள் ஒருமித்து நிற்கமாட்டாமல் போனதும், இடிப்பு நடந்த விதமும் அங்கே விரிவாக இருக்கின்றன. அவருடைய வருத்தம் தெரிகிறது. மற்றவர்கள்மேல் அவர் சாட்டும் பழியும் தெரிகிறது. அதோடு, அவரால் தடுத்திருக்க முடியுமா, முடிந்தும் தயங்கினாரா என்று படிப்பவர் கேட்கவும் அப்பகுதி இடம் வைக்கிறது. பத்தாண்டு கழித்து நினைவிலிருந்து எழுதியிருந்தால் அக்கேள்விக்கு இடம் இருந்திராது. மனம் அவ்வளவு காலத்தில் தனக்கு வேண்டிய சமாதானத்தைச் செய்து முடித்திருக்கும். அன்றைக்கே எழுதியவனுக்குத் தன்னை நியாயப்படுத்திக்கொள்ளப் போதிய அவகாசம் இல்லை. கலக்கமான நாளின் எழுத்துக்கு உள்ள தனிப்பெருமை இதுவே. அது எழுதுகிறவனுக்கு அனுகூலமான சாட்சி அன்று. ஆகையால்தான் அதை நம்பலாம்.

இதற்கு மாறாக ஒன்றைப் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். ஆனந்தரங்கர் புலவர்களை ஆதரித்தவர். ஸ்ரீநிவாஸர் என்னும் கவி 1752-ல் அவர் பேரில் 'ஆனந்தரங்க விஜய சம்பு' என்ற ஸம்ஸ்கிருதக் காவியத்தைச் செய்தார். உரைநடையும் செய்யுளும் கலந்த அச்சம்பு, தலைவனின் குலத்தையும் கீர்த்தியையும் காவிய லக்ஷணப்படி புகழ்கிறது. புலமைக்குக் குறைவில்லை, ஸம்ஸ்கிருதம் பயின்றவர்கள் படித்து மகிழலாம். ஆயினும் ஆனந்தரங்கர் என்ற மனிதரைத் தேடிப் போகிறவர்கள் சம்புவை மூடிவிட்டு நாட்குறிப்பைத்தான் திறக்கிறார்கள். நல்ல காலத்தில், சொல் தேர்ந்து, பிறர் எழுதிய புகழ் ஒரு புறம். கெட்ட காலத்தில், சொல் தேராமல், தானே எழுதிய ஏடு மறுபுறம். தராசில் எது தாழ்ந்தது என்பதைக் காலம் காட்டிவிட்டது. 1846-ல் காலுவா மோம்பிரான் என்ற பிரெஞ்சுக்காரர் இவ்வேடுகள் இருப்பதைக் கண்டு வெளிப்படுத்தினார். 1904 முதல் 1928 வரை சென்னை அரசாங்கத்தார் பன்னிரண்டு தொகுதிகளாக ஆங்கிலத்தில் வெளியிட்டனர். தமிழ் மூலம் அச்சேறுவதற்குத்தான் வெகு காலம் காத்திருக்க வேண்டியதாயிற்று.

இருபத்தைந்து ஆண்டுகளில் ஒரு நாளும் விடாமல் எழுதினார் என்று சொல்வது மிகையாகும். கிடைத்திருக்கும் ஏடுகளில் இடைவெளிகள் உண்டு. சில பகுதிகள் தொலைந்தும் போயின. சில நாட்களுக்குப் பக்கம் பக்கமாகச் செய்தி உண்டு, சில நாட்களுக்கு ஓரிரு வரிகளே உண்டு. இங்கேதான் முதலில் எழுப்பிய கேள்வி திரும்பவும் வருகிறது. நெருக்கடியில் எவ்வளவு குறைத்துக்கொள்ளலாம்?

சாந்தோக்ய உபநிஷத்தில் உஷஸ்தி சாக்ராயணர் என்ற ரிஷியின் வரலாறு வருகிறது. குரு தேசத்தில் பயிர்கள் அழிந்து பஞ்சம் வந்தது. உஷஸ்தி தம் இளம் மனைவியோடு யானைப்பாகர் வாழும் ஊருக்குப் போய்ச் சேர்ந்தார். அங்கே ஒருவன் கொள்ளோ உளுந்தோ வேகவைத்துத் தின்றுகொண்டிருந்தான். ரிஷி அவனிடம் யாசித்தார். தான் தின்று மிகுந்தது தவிர வேறில்லை என்றான் அவன். அதையே கொடு என்று வாங்கி உண்டார். பின்னர் அவன் தான் குடித்து மீந்த தண்ணீரையும் நீட்டினான். அது எச்சில், வேண்டாம் என்றார் உஷஸ்தி. அந்தத் தானியம் மட்டும் எச்சில் இல்லையோ என்று பாகன் கேட்டான். நியாயமான கேள்வி! அதை உண்ணாவிடில் உயிர் தரித்திருக்க மாட்டேன், தண்ணீரோ எனக்கு வேறிடத்திலும் கிடைக்கும் என்ற கருத்தில் ரிஷி விடை சொன்னார்.

ஆபத் தர்மம் முழுவதும் இந்த ஒரு சம்பாஷணைக்குள் அடங்கியிருக்கிறது. ஆபத்து, விதியைத் தளர்த்துகிறது. ஆனால் ஆபத்து எவ்வளவு கேட்கிறதோ அவ்வளவுக்கு மட்டுமே தளர்த்துகிறது. தானியத்தை வாங்கிக்கொண்டோமே, இனித் தண்ணீரையும் வாங்கினால் என்ன என்று நினைப்பதுதான் வழுக்கும் இடம். எழுத்து நியமம் உள்ளவர்கள் நெருக்கடியில் தவறுவதும் இவ்விடத்தில்தான். ஒரு பக்கம் எழுத இயலாத நாள் உண்டு, உண்மையே. அதனால் ஒரு வரியும் எழுத இயலாது என்று ஆகுமா? மருத்துவமனை வராந்தாவில் ஒரு பகல் முழுதும் காத்திருக்கிறவனுக்கு மேஜை இல்லை, அமைதி இல்லை. தேதியையும் நோயாளியின் காய்ச்சல் அளவையும் ஒரு துண்டுக் காகிதத்தில் குறிக்க இரண்டு நிமிஷம் இல்லாமலா போகிறது? மேஜையை ஆபத்து பறித்துக்கொண்டது. அந்த இரண்டு நிமிஷத்தை அவனே விட்டுவிட்டான்.

அவ்வரலாற்றில் உஷஸ்தியின் மனைவியாரைப் பெரும்பாலோர் மறந்துவிடுகிறார்கள். அவர் முன்னமே பிக்ஷை பெற்று உண்டிருந்தார். கணவர் கொண்டுவந்து கொடுத்ததை எடுத்து வைத்துவிட்டார். மறுநாள் காலையில் அதை உண்டுதான் உஷஸ்தி அரசன் செய்த யாகத்துக்கு நடந்து போகும் பலம் பெற்றார். அங்கே ரித்விக்குகளுக்கே தேவதா தத்துவத்தை உபதேசித்தார். முந்தின நாள் ஒரு பிடி எடுத்து வைத்தவர் இல்லாவிடில் மறுநாளைய வித்தை இல்லை. நியமத்தைக் காப்பவன் தனியாகக் காப்பதில்லை. வீட்டில் ஒருவர் எழுதுகிறார் என்றால், அந்த அரை நாழிகை அவருக்குக் கிடைக்க இன்னொருவர் அடுப்படியிலோ தொட்டிலடியிலோ நிற்கிறார் என்று பொருள். எழுதுகிற ஆண்மக்கள் இதை நினைவில் வைப்பது நல்லது.

சந்தியாவந்தன விஷயத்திலும் இதே அளவுகோலைத்தான் பெரியோர் கையாண்டார்கள். ஆசௌச காலத்தில் எல்லா அங்கங்களும் இல்லாவிடினும் அர்க்யம் விடுவதை மட்டுமாவது விடாதே என்றனர். படுக்கையிலிருப்பவன் மனத்தாலேயே செய்யலாம் என்றனர். நீர் கிட்டாத யுத்தகளத்தில் வீரர்கள் புழுதியைக் கையில் எடுத்து அர்க்யம் விட்டதாக உபந்நியாசகர்கள் சொல்லுவதுண்டு. அங்கம் சுருங்கலாம், திரவியம் மாறலாம், வேளை மட்டும் வெறுமையாகப் போகலாகாது.

ஸ்ரீவைஷ்ணவ ஸம்பிரதாயத்துக்கும் அன்றாட எழுத்துக்கும் உள்ள தொடர்பு அன்பர்கள் அறிந்ததே. திருவரங்கத்தில் நம்பிள்ளை பகலில் திருவாய்மொழிக்கு அர்த்தம் சாதிப்பார். வடக்குத் திருவீதிப்பிள்ளை அதைக் கேட்டுவந்து இரவில் ஓலையில் எழுதுவார். இவ்வாறு நாள்தோறும் எழுதிச் சேர்ந்ததே ஈடு முப்பத்தாறாயிரப்படி. ஒரு படி என்பது முப்பத்திரண்டு எழுத்து என்று கணக்கிட்டால் 11,52,000 எழுத்துக்கள். விளக்கொளியில், எழுத்தாணி முனையில்! நம்பிள்ளை அவர் இல்லத்துக்கு எழுந்தருளியபோது ஓலைகளைக் கண்டார். நியமனம் இன்றி எழுதினீரே என்று கேட்டு அவ்வளவையும் தம்மிடம் வாங்கிக்கொண்டார். பிள்ளையும் கொடுத்துவிட்டார். பிற்பாடு அது ஈயுண்ணி மாதவப் பெருமாளிடம் அளிக்கப்பட்டு, அவர் வழியாய் வழங்கி, மணவாள மாமுனிகள் காலத்தில் உலகறிய விளங்கியது. எழுதியவர் காலத்தில் எழுதியவருக்குக் கிடைத்த பலன் என்ன? ஒன்றுமில்லை; கையில் இருந்த ஓலையும் போயிற்று. காம்யமாக எழுதியிருந்தால் அன்று அவர் மனம் உடைந்திருக்கும்.

அந்த நம்பிள்ளையே, நம்பூர் வரதராஜராக இருந்த இளமையில், நஞ்சீயர் அருளிய ஒன்பதினாயிரப்படியைப் பிரதி செய்யும்பொருட்டு எடுத்துச் சென்றபோது காவிரி வெள்ளத்தில் ஓலைச்சுவடியை இழந்தார். ஊருக்குப் போய், கேட்டவற்றை நினைவிலிருந்து திரும்ப எழுதிக் கொண்டுவந்து ஸமர்ப்பித்தார். மணவாள மாமுனிகள் திருமேனி தளர்ந்து, நிமிர்ந்து அமர இயலாத வலியோடு ஆசார்ய ஹ்ருதயத்துக்கு வியாக்கியானம் எழுதிக்கொண்டிருந்தபோது, இவ்வளவு வருந்தி எழுதவேண்டுமோ என்று சிஷ்யர்கள் கேட்டார்கள். உங்கள் பிள்ளைகளுக்கும் பேரர்களுக்கும் ஆகட்டும் என்றே எழுதுகிறேன் என்ற கருத்துப்பட விடை அருளினார் என்பது வரலாறு.

இனி எதிர்ப்பக்ஷத்தைச் சொல்லாமல் விடுவது முறையன்று. துன்பத்தில் கைகொடுக்க ஆள் வேண்டும்போது ஒருவன் நோட்டுப் புத்தகத்தோடு உட்கார்ந்திருப்பது ஸ்வார்த்தம் என்பார்கள். சொல்வது சரியே. 2015 டிசம்பர் மழையிலும் 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போதும் வடசென்னைத் தெருக்களில் நீர் நின்றது. 2023-ல் எண்ணூர்க் கழிமுகத்தில் எண்ணெயும் கலந்து மீனவர் வலைகளையும் படகுகளையும் பாழாக்கியது. பேசின் பிரிட்ஜை அடுத்த கணேசபுரம் சுரங்கப்பாதையில் மழைக்காலந்தோறும் நீர் தேங்கியதை இவ்வூரார் நன்கறிவர். அண்டை வீட்டுக் கிழவியைத் தூக்கி மாடியில் சேர்க்கவேண்டிய வேளையில் 'என் நியமம்' என்று எழுதுகிறவனுடைய நியமத்தை எவ்வாறு மதிப்பது? நைமித்திகம் வந்தால் அதைச் செய்துவிட்டுத்தான் மற்றது. ஆனந்தரங்கர் பகல் முழுதும் கவர்னர் மாளிகையிலும் கிடங்குகளிலும் அலைந்தவர். செய்தவனுக்குத்தான் எழுதச் செய்தி உண்டு. அறையில் பூட்டிக்கொண்டிருந்தவன் ஏட்டில் பெருமூச்சுத்தான் இருக்கும்.

மற்றொரு கட்சி, எழுதினால் மனம் ஆறும், ஆகையால் எழுது என்கிறது. மருந்தாகச் சொல்வதில் தவறில்லை. ஆனால் மன ஆறுதலைக் கருதி எழுதத் தொடங்கினால் அது காம்யமாகிவிடுகிறது. நான்கு நாள் எழுதியும் ஆறவில்லை எனில் ஐந்தாம் நாள் கைவிடுவதற்குக் காரணம் கிடைத்துவிடுகிறது. ஆறினாலும் கைவிடுவான், ஆறாவிட்டாலும் கைவிடுவான். நித்யமாகக் கொண்டவனுக்கு இந்தத் தொல்லை இல்லை.

நிறுத்துவதற்கும் ஒரு நியாயம் உண்டு. ஆனந்தரங்கரோடு ஒப்பிட்டுப் பேசப்படும் லண்டன் நகரத்து ஸாமுவேல் பெப்பிஸ், 1665-ல் பெருங்கொள்ளைநோயும் 1666-ல் பெருந்தீயும் நகரை அழித்தபோது நாட்குறிப்பை விடவில்லை. (தீ நெருங்கியபோது தம் விலையுயர்ந்த பாலாடைக்கட்டியைத் தோட்டத்தில் குழி தோண்டிப் புதைத்ததையும் மறைக்காமல் எழுதினார்!) அவரே 1669 மே 31-ஆம் தேதி, கண் போய்விடுமென்ற அச்சத்தால் நிறுத்தினார். தீக்கு நிறுத்தாதவர் கண்ணுக்கு நிறுத்தினார். அதில் குறை காண்பதற்கில்லை. காந்தியடிகள் 1909-ல் லண்டனிலிருந்து தென்னாப்பிரிக்கா திரும்பும் கப்பலில் 'ஹிந்த் ஸ்வராஜ்' எழுதும்போது வலக்கை ஓய்ந்ததும் இடக்கையால் எழுதினார். எல்லோருக்கும் இடக்கை அவ்வாறு வசப்படாது. உ. வே. சாமிநாதையர் எண்பத்தைந்தாம் பிராயத்தை நெருங்கிய நிலையில், 1940 ஜனவரி முதல் 'என் சரித்திர'த்தை வாரந்தோறும் எழுதி வந்தார். 1942-ல் ஜப்பானியர் குண்டு விழும் என்ற பீதியில் சென்னை காலியானபோது அவரும் திருக்கழுக்குன்றம் போய்ச் சேர்ந்தார். ஏப்ரல் 28-ஆம் தேதி அங்கே காலமானார். சரித்திரம் முற்றுப்பெறவில்லை. காம்ய கர்மா பலன் கிட்டினால் முடிந்துபோகும். நித்யம் சரீரம் உள்ளவரை முடிவதில்லை. ஆகையால் அத்தகைய எழுத்தை முற்றுப்பெறாத நூல் என்று குறையாகச் சொல்வது பொருந்துமா என்பதும் யோசிக்கத்தக்கது.

ஆலயத்துக்கு வருகிற அன்பர்கள், முக்கியமாக ஸ்ரீராமஜயம் எழுதும் தாய்மார்கள், அடிக்கடி கேட்கும் ஐயம் ஒன்றுண்டு. லக்ஷம் எழுதுவதாக வேண்டிக்கொண்டு பாதி எழுதிய நோட்டுக்கள் மழைநீரில் ஊறிப்போயின. அல்லது வீட்டில் ஒரு துக்கம் நேர்ந்து மாதக்கணக்கில் எழுதாமல் நின்றுபோயிற்று. இனி முதலிலிருந்து தொடங்கவேண்டுமா? எண்ணிக்கையோடு செய்த பிரார்த்தனை காம்யத்தைச் சேர்ந்தது. அதன் எண்ணிக்கையை எவ்வாறு நிறைவு செய்வது என்பதைத் தத்தம் பெரியோரைக் கேட்டுத் தெரிந்துகொள்ளவேண்டும். நீரில் போன ஓலைக்காக நம்பிள்ளை எழுதியது வீண் என்று எவரும் சொன்னதில்லை என்பதையும் நினைத்துக்கொள்ளலாம். நாள்தோறும் எழுதும் நியமம் மட்டும் கொண்டவர்கள் விஷயம் எளிது. சந்தியா காலம் தவறிப்போனால் சாஸ்திரம் என்ன விதித்தது? விட்டுப்போன நாழிகை ஒவ்வொன்றுக்கும் கணக்குப் பார்க்கச் சொல்லவில்லை. பிராயச்சித்தமாக ஓர் அர்க்யம் கூடுதலாக விட்டு, அன்றைய சந்தியையைச் செய் என்றது. அவ்வாறே, நின்றுபோன நோட்டை எடுத்து, இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை இன்ன காரணத்தால் எழுதவில்லை என்று ஒரு வரி எழுதவேண்டும். விட்டுப்போன பக்கங்களை நிரப்ப முயலவேண்டாம். அந்த வரிக்குக் கீழே இன்றைய தேதியைப் போட்டு, இன்றைக்கு உரியதை எழுதலாம்.